வானலை நண்பர் இல்லத்தில் ஒன்பது நாட்கள்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் முன்னோர் வகுத்த கணக்கு. அக்கணக்கை மீறி, 2023 சனவரித் திங்களில் இலங்கையின் நீர்கொழும்பு நகரில் ஒரு நண்பர் இல்லத்தில் நாமும் நம் துணைவியாரும் ஒன்பது நாட்கள் தங்கி உண்டு வந்தோம். அந்நண்பர் நமக்கு உறவினர் அல்லர். உடன் பயின்றவர் அல்லர். தொழில் தொடர்பினரும் அல்லர். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் குரலை அறிவோம். நேரில் ஒருமுறையேனும் கண்டதில்லை. “முன்பின் பார்க்காத ஒருவர் வீட்டுக்கு வயதான இருவர் பெட்டியோடு புறப்படுவதா?” என்று நம் மகன் வினவினான். அவன் கேட்டது நியாயமே. வாசக அன்பர்களுள்ளும் சிலர் அவ்வாறே வினவக்கூடும். ஆதலின் அந்நட்பு எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிடுதல் நலம்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையை அடுத்த தெரு ஒன்றில் நாம் வசிக்கிறோம். பொன்மலை ரயில்வே பணிமனையில் மின்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றோம். இளமை முதல் நமக்கு ஒரு பித்து உண்டு. அதற்கு ‘ஹாம் ரேடியோ’ என்று பெயர். அமெச்சூர் வானொலி என்றும் சொல்வர். வானொலி நிலையங்கள் ஊருக்கெல்லாம் பேசும், நாம் கேட்போம். ஹாம் வானொலியிலோ பேசுவோரும் கேட்போரும் தனி மனிதரே. மத்திய அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெறவேண்டும். தேறியவருக்கு ஓர் அழைப்புக் குறி வழங்கப்படும். இந்தியர் குறி ‘வி.யு.’ என்று தொடங்கும். இலங்கையர் குறி ‘4 எஸ் 7’ என்று தொடங்கும். மொட்டை மாடியில் இரு தென்னைகளுக்கிடையே ஒரு கம்பியைக் கட்டி, நூறு வாட் மின்சக்தியை, அதாவது பழைய குண்டு பல்பு ஒன்று எரியும் அளவு சக்தியை, அதில் செலுத்தினால் போதும். அவ்வலை மேலெழுந்து, நிலத்துக்கு இருநூற்றைம்பது, முந்நூறு கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டு, வளைந்து, எங்கோ தொலைவில் இறங்கும். இறங்கும் இடத்தில் எவரேனும் காது கொடுத்திருந்தால் விடை வரும். எவர் காது கொடுத்திருப்பார் என்பது முன்கூட்டித் தெரியாது. இப்பித்தின் சுவையெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இன்று கைப்பேசி இருக்க இது எதற்கு என்று கேட்போர்க்கு நாம் விடை சொல்வதில்லை. கடையில் மீன் கிடைக்கும்போது காவிரியில் தூண்டில் போடுகிறவனை எவரும் அப்படிக் கேட்பதில்லையே!

இக்கூட்டத்துக்கெனச் சில வழக்கங்கள் உள. ஆடவர் எவராயினும், பதினாறு வயதுச் சிறுவனாயினும், ‘ஓ.எம்.’ என்றே அழைக்கப்படுவார். ‘ஓல்ட் மேன்’ என்பதன் சுருக்கம் அது. பெண் ஹாம்கள் எவ்வயதினராயினும் ‘யங் லேடி’ என்னும் ‘ஒய்.எல்.’ ஆவர். ஹாம் ஒருவரின் மனைவியோ ‘எக்ஸ்.ஒய்.எல்.’, முன்னாள் இளம்பெண் என்று பொருள். இதை நம் துணைவியாருக்கு விளக்கிய அன்று இரவு நமக்குப் பழஞ்சோறுதான் கிடைத்தது. விடைபெறும்போது ‘73’ என்போம். தந்திக்காரர் காலத்திலிருந்து வரும் எண் அது. வாழ்த்துகள் என்று பொருள். உரையாடியதற்குச் சான்றாக அவரவர் குறி அச்சிட்ட அட்டை ஒன்றை அஞ்சலில் அனுப்புவோம். அதற்குக் ‘க்யூ.எஸ்.எல்.’ அட்டை என்று பெயர். நம் வீட்டில் மூன்று காலணிப் பெட்டிகள் நிறைய அவை கிடக்கின்றன.

பதவியும் செல்வமும் இங்கே செல்லா. ஜோர்டான் மன்னர் ஹுசைன் ஒரு ஹாம். அலைவரிசையில் அவர் மற்றவரைப்போல் தம் பெயரை மட்டுமே சொல்லிப் பேசுவார் என்பது உலகறிந்த செய்தி. நம் பிரதமராயிருந்த இராஜீவ் காந்தியும் உரிமம் பெற்ற ஹாம். ஆஷ்விட்ஸ் முகாமில் 1941இல் பிறனுக்காக உயிர் கொடுத்த புனித மாக்சிமிலியன் கோல்பே இக்கலையில் ஈடுபட்டவராதலின், ஹாம்கள் பலர் அவரைத் தம் பாதுகாவலராகவே கொள்கின்றனர்.

வானலையில் வளர்ந்த நட்பைத் தேடிப் பிறநாட்டார் வீட்டுக்கு வருவதும் புதிதன்று. காட்மாண்டுவில் வாழ்ந்த இயேசு சபைக் குரு அருட்தந்தை மார்ஷல் மோரனை எம்மனோர் எவரும் மறவார். 1906இல் பிறந்த இவ்வமெரிக்கர் 1929இல் இந்தியா வந்து, பாட்னாவில் கல்விப் பணியாற்றி, 1951இல் நேபாளத்தின் கோதாவரியில் புனித சவேரியார் பள்ளியைத் தொடங்கினார். ‘9 என் 1 எம் எம்’ என்பது அவர் குறி. கடைசி இரண்டு எழுத்துகளும் ‘மிக்கி மவுஸ்’ என்பதைக் குறிக்கும் என்று தாமே வேடிக்கையாய்ச் சொல்வார். நெடுங்காலம் நேபாளம் முழுமைக்கும் அவர் ஒருவரே ஹாம். எனவே அந்நாட்டோடு பேசினோம் என்று சொல்லிக்கொள்ள விரும்பிய உலகத்து ஹாம்களெல்லாம் அவரையே தேடினர். இமயத்தைக் காண வந்தவர்களுள் ஹாம் இருந்தால் அவர் கால்கள் தாமாகவே பாதிரியாரின் வானொலி அறைக்குத் திரும்பும். 1992இல் அவர் இறந்தபோது, அவரை நேரில் காணாத ஆயிரமாயிரம் பேர் ஒரு நண்பரை இழந்தனர். அவரோடு ஒருமுறை பேசக் கொடுத்து வைத்திருந்தோம். முழுதாய் இரண்டு நிமிடம், அவ்வளவே. அதற்குள் நம் ஊர் வெயிலைப் பற்றிக் கேட்டுவிட்டார்.

நம் வீட்டுக்கும் விருந்தினர் வந்ததுண்டு. ஜப்பானிய நண்பர் ஒருவர் இரு நாட்கள் தங்கினார். அரங்கன் கோவில் இராசகோபுரத்தைக் காட்ட அழைத்துச் சென்றோம். 1987இல் கட்டி முடிக்கப்பட்டது, உயரம் 236 அடி என்று பெருமையோடு சொன்னோம். அவர் அண்ணாந்து நெடுநேரம் நோக்கிவிட்டு, “அந்த உச்சியிலிருந்து ஒரு கம்பியைக் கட்டினால் எவ்வளவு தொலைவு எட்டும்!” என்று பெருமூச்செறிந்தார். பக்தர்கள் எவர் காதிலும் அது விழவில்லை, பிழைத்தோம்.

இனி நீர்கொழும்புக்கு வருவோம். ஸ்ரீரங்கத்திலிருந்து பறவை பறக்கும் தொலைவாய் அளந்தால் சென்னை ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். நீர்கொழும்பு நானூற்றுக்குச் சற்று மேல். கடல் குறுக்கிட்டு, கொடி வேறாகிவிட்டமையால் அது வெளிநாடு. வானலைக்கு அக்கரையும் இக்கரையும் ஒன்றே. ஞாயிறுதோறும் காலையில், நாற்பது மீட்டர் அலைவரிசையில், நாமும் அவரும் பேசத் தொடங்கியது 2001ஆம் ஆண்டில். அவர் மீன்பிடிக் கலங்களின் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பொறியாளர். தாய்மொழி சிங்களம். நமக்குத் தமிழ். இருவருக்கும் பொதுவாய் இருந்தவை ஓரளவு ஆங்கிலமும் நிறைய மோர்ஸ் ஒலியும். மோர்ஸ் அடிப்பதில் ஒவ்வொருவருக்கும் கையெழுத்துப்போல் ஒரு தனித்தன்மை உண்டு. ஒரு கோட்டைச் சற்றே நீட்டி, அடுத்த புள்ளியை அவசரமாய் வைக்கும் அவருடைய கையை, குறியைச் சொல்லுமுன்பே இனங்கண்டுகொள்வோம்.

என்ன பேசினோம்? இதைத்தான் வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். “உமது ஒலி ஐந்து ஒன்பது, தெளிவாய் வருகிறது. இங்கே மழை. அங்கே எவ்வாறு? புதிய கம்பி கட்டியிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். 73.” இருபத்திரண்டு ஆண்டும் இதுவே. உரிமத்தின் விதிகள் வணிகம் பேசுவதைத் தடுக்கின்றன. அரசியலும் சமய வாதமும் கூடா என்பதோ எழுதாச் சட்டம். உலகெங்கும் ஹாம்கள் அதைப் போற்றிக் காக்கின்றனர். அச்சட்டம் இல்லாதிருந்தால் பனிப்போர்க் காலத்தில் மாஸ்கோவும் சிகாகோவும் ஒருநாள்கூடப் பேசியிரா. நாம் இருவரும் பேசிய ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். 2009 மே திங்கள் வரை அத்தீவில் போர். நம் ஊர்ச் செய்தித்தாள் ஒன்று சொல்லும். அவர் ஊர்ச் செய்தித்தாள் வேறொன்று சொல்லும். நாங்கள் மழையைப் பற்றிப் பேசினோம்.

2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது மட்டும் பேச்சு மாறியது. அன்று அந்தமானில் போர்ட் பிளேரில், ஹாம் வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்காக ஏற்கெனவே தங்கியிருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் குழுவினரும் தம் கருவிகளையே மீட்புப் பணிக்குத் திருப்பித் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் செய்தி கடத்தினர். இலங்கையிலோ வானொலிச் சங்கத்தார் கருவிகளையும் கார் பேட்டரிகளையும் தூக்கிக்கொண்டு அம்பாந்தோட்டைக்கு விரைந்து, கொழும்பில் பிரதமர் அலுவலகத்தோடு தொடர்பு ஏற்படுத்தினர். நம் நண்பர் அந்நாட்களில் உறங்கவே இல்லை என்பதைப் பின்னர் பிறர் சொல்லக் கேட்டோம். அவர் சொல்லவில்லை.

பின்னொரு நாளும் உண்டு. 2019 ஏப்பிரல் 21, உயிர்ப்புப் பெருவிழா. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்தில் திருப்பலி நேரத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அரசு சமூக ஊடகங்களை முடக்கிவிட்டது. தொலைபேசி எடுப்பாரில்லை. மாலையில் வானொலியின் முன் அமர்ந்தோம். இரவு எட்டு மணி அளவில் அந்தக் கை கேட்டது. நம் குறியை இருமுறை அடித்தார். “வீட்டில் எல்லோரும் நலம்” என்று அடித்தார். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு, “அண்டை வீட்டார் நலமில்லை” என்று அடித்துவிட்டு, 73 கூடச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். அன்றே துணைவியார், “இவரை ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும்” என்றார். பெருந்தொற்று குறுக்கிட்டது, பின் அத்தீவின் பொருளாதாரமே வீழ்ந்தது. எனவேதான் 2023.

திருச்சி விமான நிலையத்தில் ஏறி, தேநீர் அருந்தி முடிப்பதற்குள் கட்டுநாயக்கா வந்துவிடுகிறது. நண்பரை அடையாளம் காண்பதில் சிரமம் இருக்கவில்லை. கூட்டத்தின் நடுவே, நம் அழைப்புக் குறியை அட்டையில் பெரிதாய் எழுதிப் பிடித்தபடி ஒல்லியான மனிதர் ஒருவர் நின்றார். அருகில் நின்ற காவலர் ஒருவர் அது என்ன கம்பெனி என்று வினவிக்கொண்டிருந்தார்.

அவர் நம்மை ‘ஐயா’ என்று அழைத்தார். தமிழர் மரியாதை அறிந்திருக்கிறாரே என்று மகிழ்ந்தோம். பின்னரே தெரிந்தது, சிங்களத்தில் அச்சொல்லுக்கு அண்ணன் என்று பொருள். நாம் எண்ணியதைவிட அவர் கொடுத்தது பெரிது. அவர் மனைவியோ நம் துணைவியாரை ‘அக்கா’ என்றார். இதற்கு இரு மொழியிலும் பொருள் ஒன்றே. இவ்விருவருக்கும் வேறு பொதுமொழி கிடையாது. ஆயினும் அச்சொல் ஒன்றை வைத்துக்கொண்டே ஒன்பது நாளும் சமையலறையில் ஓயாது பேசினர்.

விருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்நாட்களில் அங்கே நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. பெட்ரோல் பங்கீட்டில் வந்தது. காருக்கு வாரம் இருபது லிட்டர். முட்டைக்குத் தட்டுப்பாடு. நமக்கோ முதல் நாள் காலையிலேயே தட்டில் முட்டை ஆப்பம் வந்தது, ஆளுக்கு இரண்டு. வீட்டார் வெறும் ஆப்பத்தைச் சம்பலோடு உண்டனர். தாம் முட்டை உண்பதில்லை என்று நண்பர் மனைவி சைகையால் உணர்த்தினார். மறுநாள் பேத்தி அதைக் காட்டிக் கொடுத்துவிட்டாள். அது முதல் துணைவியார் நோன்பு என்று சொல்லி முட்டையை ஒதுக்கினார். எந்த நோன்பு என்று அவர்களும் கேட்கவில்லை. இப்படி இரு தரப்பாரும் ஒருவரை ஒருவர் ஏய்த்துக்கொண்டு இன்புற்றிருந்தோம்.

பாற்சோறும் லுணு மிரிசும், கொரக்காப் புளியிட்டு வற்றக் காய்ச்சிய சூரை மீனும், களப்பு நண்டும் வந்தன. மாலையில் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பருகும் பிளேன்டீயும் தவறாது வந்தது. நாம் கொண்டுசென்ற மணப்பாறை முறுக்கை அவ்வீட்டார் ஒரு கண்ணாடிப் போத்தலில் இட்டு, விருந்தினர்க்கு ஒன்று வீதம் எண்ணிக் கொடுத்தனர். நம் ஊர்க் காப்பித்தூளை மட்டும் அவர்களால் ஏற்க முடியவில்லை. தேயிலை நாட்டார், போகட்டும்.

ஐந்தாம் நாள் சிலாபத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே மூத்த ஹாம் ஒருவர் உள்ளார். நம்மோடு பலமுறை மோர்ஸில் பேசியவர். போகவர ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். வாரப் பங்கில் ஒரு பெரும் பகுதி அன்றே தீர்ந்துவிடும். வேண்டாம் என்று தடுத்தோம். “பெட்ரோலைச் சேமித்து என்ன செய்வது? அவர் வயதைச் சேமிக்க முடியுமா?” என்றார். அம்முதியவருக்குக் காது முற்றிலும் கேளாது என்பதை அங்கு சென்ற பின்பே அறிந்தோம். ஒலிபெருக்கியின் மீது விரல் நுனியை வைத்து, அதன் அதிர்விலேயே புள்ளியையும் கோட்டையும் படிக்கிறார். பல்லாண்டுகள் அவ்வாறே நம்மோடு பேசியிருக்கிறார். நம் கையைப் பற்றி, உள்ளங்கையில் தம் விரலால் 73 என்று தட்டினார்.

நண்பருடைய வானொலி அறை வீட்டின் பின்கட்டில், பழைய வலைகள் கிடந்த கொட்டிலில் இருந்தது. அயல்நாட்டு நிலையத்தில் அமர்ந்து பேசத் தனி அனுமதி வேண்டும். அதை நாம் பெற்றிருக்கவில்லையாதலால் அருகிருந்து கேட்பதோடு சரி. மின்வெட்டு நேரமே எங்களுக்கு உகந்த நேரம். ஊரில் மின்விளக்குகளும் இன்வெர்ட்டர்களும் தொலைக்காட்சிகளும் எழுப்பும் இரைச்சல் அடங்கிவிட, பேட்டரியில் இயங்கும் வானொலியில் உலகம் கண்ணாடிபோல் துலங்கும். மின்வெட்டை ஆவலோடு எதிர்நோக்கும் சாதி இப்பூவுலகில் ஹாம்கள் மட்டுமே.

அப்படியொரு மாலை. மூன்றாம் நாள் என்று நினைவு. விளக்கு அணைந்ததும் வீட்டார் எல்லோரும் காற்று வாங்கப் பின்கட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தனர். நண்பரின் அன்னையாருக்குத் தொண்ணூற்றொரு வயது. வந்த நாள் முதல் அவர் எங்களைப் பார்த்துச் சிரிப்பார், பேசியதில்லை. கையில் ஜெபமாலையோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். நாம் துணைவியாரிடம், மகன் தொலைபேசியில் சொன்னதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்போது அந்நாற்காலியிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

“அங்கே மழை உண்டா, பிள்ளை?”

தமிழ். சற்றே பழைய, கடற்கரைத் தமிழ். துணைவியார் தம்மை மறந்து, “இல்லை அம்மா, தையில் ஏது மழை?” என்று விடை கூறிவிட்டார். கூறிய பிறகே திடுக்கிட்டார். நண்பர் வானொலிக் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டார். பேத்தி பாட்டியின் முகத்தையும் எங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக மகன் மைக்கில் ஸ்ரீரங்கத்தாரிடம் மழையைப் பற்றிக் கேட்பதை, அவ்வம்மை உள்ளறையிலிருந்து கேட்டிருக்கிறார் போலும்.

நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையிலான கரையோரத்து மீனவக் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் தமிழ் பேசியவர் என்பதை வரலாறு அறிந்தோர் அறிவர். அவருட் சிலர் இன்றும் இருமொழியும் பேசுகின்றனர். சென்ற நூற்றாண்டில் பள்ளிகள் படிப்படியாய்ச் சிங்களத்துக்கு மாறின, பிள்ளைகள் மாறினர், வீடுகளும் மாறின. அவ்வம்மையார் சிறுமியாய் இருந்தபோது படித்தது தமிழில். நண்பர் படித்தது சிங்களத்தில். பாட்டியார் தமிழில் பேசியது தமக்கு மங்கலாய் நினைவிருப்பதாகவும், அன்னை அதை எப்போதோ மறந்துவிட்டார் என்றே எண்ணியிருந்ததாகவும் நண்பர் கூறினார். “இவர் பேசி நான் கேட்டு நாற்பது ஆண்டுகள் ஆகின்றன” என்றார்.

மறக்கவில்லை. அடுத்து வந்த நாட்களில் அம்மையார் துணைவியாரை அருகில் அமர்த்திக்கொண்டு பேசினார். சொற்கள் முதலில் தயங்கி, பின் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன. ஜெபமாலையை அவர் இத்தனை ஆண்டும் மனத்துக்குள் தமிழிலேயே சொல்லி வந்திருக்கிறார். அதுவும் நம் பாட்டிமார் காலத்துப் பிரியதத்த மந்திரம். நாமே கேட்டு நெடுங்காலம் ஆகிறது. 1983 சூலையில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்த அந்த வாரத்தில், அவர் கணவர் கதவைச் சாத்திவிட்டு ஒன்று சொன்னாராம்: “இனி அந்தப் பேச்சு வீட்டுக்குள்ளும் வேண்டாம்.” அஞ்சிய மனிதர் சொன்னது, கொடுமையால் சொன்னதன்று. பிள்ளைகளைக் காக்க வேண்டுமே! அம்மையாரும் கீழ்ப்படிந்தார். கணவர் பின்னர் இறந்தார். போர் முடிந்தது. ஆணையை நீக்க வேண்டியவர் இல்லையாதலால் ஆணை அப்படியே நின்றுவிட்டது.

இதைத் துணைவியார் நமக்குச் சொல்ல, நாம் ஆங்கிலத்தில் நண்பருக்குச் சொன்னோம். ஒரு மகனுக்கு அவன் அன்னையின் சொற்களை அயலார் மொழிபெயர்த்துச் சொல்ல நேர்ந்தது. அவர் ஒன்றும் பேசாது, ஏற்கெனவே நன்றாயிருந்த இணைப்புக் கம்பி ஒன்றைக் கழற்றி மறுபடி பற்ற வைத்தார்.

புறப்படுமுன் இரவில் அவரே தொடங்கினார். “நீங்கள் தமிழர் என்பது முதல் ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரியும். என் பாட்டியின் மொழியும் அதுவே என்று சொல்ல இத்தனை ஆண்டும் எனக்குத் தோன்றவில்லை. மழையைப் பற்றியே பேசினோம். நம் விதி நல்ல விதிதானா, ஐயா?” என்று கேட்டார்.

நல்ல விதிதான் என்றோம். இன்றும் அதுவே நம் கருத்து. 2006க்கும் 2009க்கும் இடையே அவரவர் செய்தித்தாளைப் படித்துவிட்டு மைக்கில் பேசியிருந்தால், நம் நட்பு ஒரு வாரம் தாங்கியிராது. நட்பு இல்லையேல் இந்தத் தாழ்வாரம் இல்லை. இந்த மின்வெட்டு மாலையும் இல்லை. வானலை எல்லோரும் கேட்கும் பொதுவிடம். அங்கே மழை போதும். மற்றவற்றுக்கு ஒருவர் வீட்டில் மற்றவர் உண்ண வேண்டியிருக்கிறது. இதை நண்பரிடம் சொன்னோம். அவர் முழுவதும் ஒப்புக்கொண்டதாய்த் தெரியவில்லை. “நான் கேட்டது ஹாம் விதியை மட்டுமன்று” என்றார். அதற்கு நம்மிடம் விடை இருக்கவில்லை.

விமான நிலையத்துக்குப் புறப்படும்போது தொதலும் கித்துள் கருப்பட்டியுமாய் ஆறு கிலோ ஏற்றினர். அம்மையார் வாசல்வரை வந்து துணைவியாரின் தலையில் கைவைத்து ஏதோ சொன்னார். நண்பர் நம்மைப் பார்த்தார். இம்முறை நாம் மொழிபெயர்க்கவில்லை. பேத்தி அதற்குள் பாட்டியிடமே பொருள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு காலை வழக்கம்போல் அவர் குரல் வந்தது. ஐந்து ஒன்பது. அங்கே வெயில், இங்கும் வெயில். வீட்டில் எல்லோரும் நலம். 73. நாற்பது மீட்டரில் எவர் கேட்டிருந்தாலும் ஒரு மாறுதலும் கண்டிருக்கமாட்டார்.

மார்ச்சுத் திங்களில் க்யூ.எஸ்.எல். அட்டை வந்தது. நாள், நேரம், அலைவரிசை, ஒலி அளவு எல்லாம் நண்பரின் கையெழுத்தில் முறையாய் நிரப்பப்பட்டிருந்தன. ‘குறிப்பு’ என்னும் கட்டத்தில் மட்டும் பென்சிலால், நடுங்கும் பெரிய எழுத்தில், தமிழில் ஒரு வரி இருந்தது. லைகாரம் பழைய வழக்கப்படி யானைத் துதிக்கைபோல் சுருண்டிருந்தது:

“இங்கே மழை இல்லை. அங்கே?”